13 அங்குலமா, 10 அங்குலமா?

மாணவர் பந்தயக் கார்களின் வடிவமைப்பு அறிக்கைகளைப் புரட்டுவோர் ஒரு விந்தையைக் காணலாம். சட்டகத்தின் வலிமைப் பகுப்பாய்வுக்கு வண்ணப் படங்களுடன் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும். சஸ்பென்ஷன் வடிவியலுக்குத் தனி அத்தியாயமே இருக்கும். டயருக்கோ பெரும்பாலும் ஒரே வரி. "சந்தையில் கிடைப்பதைக் கருத்தில் கொண்டு 13 அங்குலம் தேர்ந்தெடுக்கப்பட்டது" என்பது அந்த வரியின் பழைய வடிவம். "எடையைக் குறைக்கும் பொருட்டு 10 அங்குலம்" என்பது புதிய வடிவம். பழைய வரி எளியது, ஆனால் உண்மையைச் சொல்லியது. புதிய வரி அறிவார்ந்ததாகத் தோன்றுகிறது. அதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

போட்டியை அறியாதோருக்குச் சிறு அறிமுகம் தேவை. ஃபார்முலா பாரத், சுப்ரா எஸ்.ஏ.இ. இந்தியா ஆகிய போட்டிகளில் பொறியியல் மாணவர்கள் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைத் தாமே வடிவமைத்துக் கட்டி ஓட்டுகிறார்கள். அமெரிக்காவில் தொடங்கிய ஃபார்முலா எஸ்.ஏ.இ. விதிகளே இவற்றுக்கு மூலம். சக்கரங்களின் விட்டம் குறைந்தது 203.2 மி.மீ., அதாவது 8 அங்குலம், இருக்க வேண்டும் என்பதற்கு அப்பால் டயர் அளவில் விதிகள் பெரிதாகத் தலையிடுவதில்லை. ஆகவே அளவுத் தேர்வு முழுக்க மாணவர்களின் பொறுப்பு. இவ்வளவு சுதந்திரம் தரப்படும் வேறு உறுப்புகள் அந்தக் காரில் மிகச் சில. வடிவமைப்புத் தேர்வுக்கு 150 மதிப்பெண் உண்டு, அங்கே நடுவர் கேட்கும் முதற் கேள்விகளில் "ஏன் இந்த டயர்?" என்பதும் ஒன்று.

அளவைப் படிப்பதிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. சாலைக் காரின் டயரில் 145/70 ஆர் 12 என்று எழுதியிருந்தால், 145 என்பது மி.மீ. கணக்கில் டயரின் குறுக்கு அகலம்; 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது; 12 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். (இது பழைய மாருதி 800 காரின் டயர்.) பந்தய ஸ்லிக் டயரில் முறை வேறு. 20.5 x 7.0 - 13 என்றால் முதல் எண் டயரின் முழு விட்டம், இரண்டாவது தரையில் படியும் பட்டையின் அகலம், மூன்றாவது ரிம். மூன்றுமே அங்குலம். ஆக, "13 அங்குல டயர்", "10 அங்குல டயர்" என்று பேசும்போது பேசப்படுவது டயரே அன்று, ரிம். தரையும் எஞ்சினும் உணர்வது முழு விட்டத்தை. தமிழில் 'சக்கரம்' என்ற ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால் ஏற்படும் மயக்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆங்கிலத்தில் எழுதப்படும் அறிக்கைகளிலும் இதே மயக்கம் உண்டு. மாருதி 800 டயரின் முழு விட்டத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 508 மி.மீ. வரும். 20.5 அங்குல ஸ்லிக்கின் விட்டம் 521 மி.மீ. ரிம் அளவில் ஓர் அங்குல வேறுபாடு இருந்தும் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம்.

இப்போது 10 அங்குலத்திற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்திற்கு வரலாம். உலகெங்கும் மாணவர் அணிகள் பரவலாகப் பயன்படுத்தும் ஓர் அளவு ஹூசியர் நிறுவனத்தின் 16 x 7.5 - 10. அதன் முழு விட்டம் 406 மி.மீ. 521 மி.மீ. டயரிலிருந்து இதற்கு மாறினால் நிலைமத் திருப்புத்திறன் ஆரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும், ஆகவே ஒரே நிறையிலும் ஏறத்தாழ 39 விழுக்காடு குறையும், ஆகவே கார் விரைவாக முடுக்கம் பெறும் என்பது வழக்கமான வாதம். முதற்பகுதி சரி. முடிவு தவறு. சிறிய சக்கரம் அதே வேகத்தில் செல்ல அதிகமாகச் சுழல வேண்டும். விட்டங்களின் விகிதம் 1.28 என்பதால் கோணத் திசைவேகம் 28 விழுக்காடு கூடும். அதன் இருமடி 64 விழுக்காடு கூடும். 0.61 மடங்கான திருப்புத்திறனை 1.64 மடங்கால் பெருக்கினால் கிடைப்பது ஒன்றுதான். சுழற்சி ஆற்றல் மாறவில்லை. காரின் முடுக்கம் உணர்வது திருப்புத்திறனை அன்று, அதை ஆரத்தின் இருமடியால் வகுத்துக் கிடைக்கும் அளவை. அந்த அளவு நிறையையும் அந்நிறை ரிம்மிலிருந்து வெளிவிளிம்பு வரை எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும் மட்டுமே சார்ந்தது.

மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் உள்ள இந்தக் கணக்கு, எளிதில் கண்ணிலிருந்து நழுவிவிடுகிறது. காரணம் அறியாமை அன்று. முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பொருத்தமான சூத்திரம் பிறகு தேடப்பட்டது. ஆய்வுலகில் இதற்குப் பழக்கப்பட்டவர்கள் நிறையவே இருக்கிறார்கள், அது வேறு கதை.

10 அங்குலத்தால் நன்மையே இல்லை என்பதல்ல. நன்மைகள் உண்டு, அவை வேறிடத்தில் இருக்கின்றன. முதலாவது, சிறிய டயருக்கும் ரிம்முக்கும் பொருள் குறைவாகவே தேவை; நிறை உண்மையிலேயே குறைகிறது. இரண்டாவது, அதே உந்துவிசையைப் பெற அச்சில் தேவைப்படும் திருக்கம் 22 விழுக்காடு குறைகிறது. இந்திய அணிகள் பல பயன்படுத்தும் கே.டி.எம். 390 எஞ்சினுக்குப் பின் ஸ்ப்ராக்கெட்டில் 40 பல் வைத்திருந்த அணிக்கு இப்போது 31 பல் போதும். ஸ்ப்ராக்கெட் சிறிதாகிறது; அச்சுத்தண்டுகள் மெலியலாம்; செயினின் இழுவிசை மாறாவிட்டாலும் அதைத் தாங்கும் உறுப்புகள் சுருங்குகின்றன. மூன்றாவது, சக்கரத்தின் மையம் 57 மி.மீ. கீழே இறங்குகிறது. சக்கரம், ஹப், பிரேக் எல்லாம் சேர்த்து மூலைக்குப் பத்துக் கிலோ என்று வைத்தால், ஓட்டுநருடன் 300 கிலோ இருக்கும் காரின் ஈர்ப்பு மையம் சுமார் 7 அல்லது 8 மி.மீ. தாழும். சிறிய எண்தான், ஆனால் இலவசமாகக் கிடைப்பது.

நான்காவது நன்மை பேசப்படுவதே அரிது: வெப்பம். ஸ்லிக் டயரின் ரப்பர் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். 75 மீட்டர் முடுக்கப் போட்டி சில நொடிகளில் முடிந்துவிடும். எட்டு வடிவ வட்டப் போட்டியும் அவ்வாறே. சக்கரத்திற்கு 75 கிலோ மட்டுமே சுமக்கும் கனமான டயர், சூடேறுவதற்குள் போட்டி முடிந்துவிடும். ரப்பர் குறைவாக உள்ள டயர் முந்திச் சூடேறும். 22 கி.மீ. நீளும் தாங்குதிறன் ஓட்டத்தில் இதே பண்பு எதிர்த்திசையில் வேலை செய்யக்கூடும். ஒரே டயரை நம்பி இரண்டு வகைப் போட்டிகளுக்கும் செல்லும் அணி எதை முதன்மையாகக் கொள்கிறது என்பது ஒரு வடிவமைப்பு முடிவு. அதை எழுதிக் காட்டும் அறிக்கைக்கு எந்த நடுவரும் மதிப்பெண் தருவார்.

இழப்புகளும் உண்டு. பிரேக் டிஸ்க், காலிப்பர், அப்ரைட், ஹப் அனைத்தும் 254 மி.மீ. விட்டத்துக்குள், ரிம்மின் தடிமன் போக அதற்கும் குறைந்த இடத்துக்குள், அடங்க வேண்டும். சஸ்பென்ஷனின் மேல், கீழ் மூட்டுகளுக்கு இடையிலான தொலைவு சுருங்குகிறது. அத்தொலைவு சுருங்கினால் அதே பக்கவாட்டு விசைக்கு மூட்டுகளில் வரும் விசை கூடக்கூடும். உற்பத்தியில் நேரும் அரை மி.மீ. பிழையும் கோணத்தில் பெரிதாகத் தெரியும். நல்ல இயந்திரப் பட்டறை வசதியுள்ள அணிக்கு இது சவால். கல்லூரிப் பட்டறையில் ஒரே லேத்தை வைத்துக்கொண்டு, அதையும் பாடவேளை முடிந்த பிறகே தொட முடிகிற அணிக்கு இது வேறு பெயருக்கு உரியது. அந்த அணிக்கு 13 அங்குலம் அறிவுள்ள தேர்வாக இருக்கலாம். காற்றோட்டமான பெரிய ரிம், கைக்கு எட்டும் பிரேக், பிழையைப் பொறுக்கும் வடிவியல்: இவற்றால் மிச்சமாகும் இரு மாதங்களை ஓட்டிப் பார்ப்பதில் செலவிட்டால் கிடைக்கும் நொடிகள், சில கிலோ எடைக் குறைப்பால் கிடைப்பவற்றைவிட அதிகமாகவே இருக்கும்.

இதுவரை பேசியவை எல்லாம் டயரைச் சுற்றியுள்ளவை. டயரின் வேலை பிடிப்பது. 75 கிலோ சுமை, 0.8 பார் காற்றழுத்தம் என்றால், தரையில் படியும் பரப்பு தோராயமாக 92 சதுர செ.மீ.; ஓர் உள்ளங்கை. நான்கு சக்கரங்களையும் சேர்த்தால் ஏ4 தாளில் ஐந்தில் மூன்று பங்கு. ஈராண்டு உழைப்பு முழுவதும் தரையோடு பேசுவது அந்தத் தாளின் வழியாகத்தான். சிறிய டயருக்கு மாறினால் இந்தப் பரப்பு பெரிதும் குறைவதில்லை. அதை முதன்மையாக நிர்ணயிப்பவை சுமையும் அழுத்தமும். மாறுவது அதன் வடிவம்: நீளம் குறுகி அகலம் கூடும். அகலத்திற்கேற்ற ரிம் இல்லாவிட்டால் அந்த அகலமும் வீண். குறுகிய ரிம்மில் திணிக்கப்பட்ட அகன்ற டயர் நடுவில் புடைத்து ஓரங்களில் தளரும்.

மேலும், டயரின் உராய்வுக் கெழு மாறிலி அன்று. சுமை கூடக் கூட அது குறையும். எடுத்துக்காட்டுக்காக ஒரு கற்பனைக் கணக்கு: 75 கிலோவில் 1.50 கெழு உள்ள டயர் 110 கிலோவில் 1.42, 40 கிலோவில் 1.58 என்று கொண்டால், நேர்ச்சாலையில் ஒரு சோடிச் சக்கரம் தரக்கூடிய பிடிப்பு 225 கிலோ விசை. வளைவில் சுமை வெளிச்சக்கரத்துக்குச் சாய்ந்த பின் 219.4. இந்த இரண்டரை விழுக்காட்டை மீட்கத்தான் ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்துவதும், அகன்ற டயரைத் தேடுவதும், முன் பின் விறைப்பைப் பங்கிடுவதும். கெழு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது தெரியாமல் இவற்றில் எதையும் கணக்கிட முடியாது. சாய்வுக்கோணத்துக்கு டயர் எப்படி எதிர்வினை ஆற்றும் என்பது தெரியாமல் சஸ்பென்ஷன் வடிவியலை வரையவும் முடியாது. சட்டகம் முதலில், சஸ்பென்ஷன் அடுத்து, டயர் கடைசியில் என்ற வரிசையில் வேலை செய்யும் அணி, விடையை எழுதிவிட்டு வினாத்தாளை வாங்குகிறது.

அந்தத் தரவு எங்கிருந்து வரும்? மாணவர் அணிகள் பெரிதும் சார்ந்திருப்பது, 2005-இல் தொடங்கப்பட்ட ஃபார்முலா எஸ்.ஏ.இ. டயர் சோதனைக் கூட்டமைப்பை. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் உள்ள கால்ஸ்பான் ஆய்வுக்கூடத்தில் டயர்களைச் சோதித்து, கட்டணம் செலுத்திய அணிகளுக்குத் தரவைத் தருகிறது அது. மிகச் சிறந்த முயற்சி, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தரவை வெளியிடக் கூடாது. இதன் விளைவு இந்திய அணிகளுக்கு விசித்திரமானது. வென்ற அணியின் டயரைக் கண்ணால் காணலாம். ஏன் அந்த டயர் என்பதைக் காண முடியாது. தேர்வை நகலெடுக்கலாம், காரணத்தை நகலெடுக்க முடியாது.

"வென்றவர்கள் கணக்குப் போட்டுத்தானே தேர்ந்திருப்பார்கள், அதைப் பின்பற்றுவதில் என்ன தவறு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் போட்ட கணக்கு அவர்கள் காரின் நிறைக்கும் காற்றியக்க இறக்கைகளின் அழுத்தத்துக்கும் உரியது என்பதே விடை. இறக்கைகளால் கூடுதல் சுமை பெறும் 180 கிலோ காருக்குச் சரியாகச் சூடேறும் ரப்பர், இறக்கையில்லாத 250 கிலோ காருக்கும் அவ்வாறே நடந்துகொள்ளும் என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை.

தரவு கைக்கு வந்தாலும் வேலை முடிவதில்லை. சோதனை இயந்திரத்தில் டயர் ஓடுவது உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான பட்டையின் மீது. அதில் கிடைக்கும் உராய்வுக் கெழு தார்ச்சாலையில் கிடைப்பதைவிட மிக அதிகம். அதனால் அணிகள் அதை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொள்வது வழக்கம். அந்தப் பங்கு கோவைக்கு ஒன்று, நொய்டாவுக்கு ஒன்று. அதைப் பஃபலோவில் யாரும் அளந்து தர இயலாது.

கிடைப்பது பற்றிய கேள்விக்கு இங்கே திரும்ப வேண்டும். 2020 ஜூன் மாதம் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம், கார், பேருந்து, லாரி, இருசக்கர வாகனம் ஆகியவற்றின் புதிய டயர் இறக்குமதியைக் 'கட்டுப்படுத்தப்பட்ட' பட்டியலுக்கு மாற்றியது. உள்நாட்டு உற்பத்தியைக் காப்பது அதன் நோக்கம். அந்த நோக்கத்தோடு இங்கே வழக்கில்லை. ஆயினும் வெளிநாட்டு ஸ்லிக்கை நம்பும் மாணவர் அணி, உரிமம், சரக்குக் கட்டணம், சுங்கம், காத்திருப்பு ஆகியவற்றையும் டயரின் பண்புகளாகவே கருத வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு செட் வாங்கி, அதைப் போட்டி நாள் வரை உறையிலேயே வைத்திருந்து, பயிற்சிக்கு வேறு டயரில் ஓட்டும் அணி, அந்தக் காரைப் போட்டியன்றுதான் முதன்முறையாக ஓட்டுகிறது என்று பொருள். மூன்று செட் கிடைக்கும் சுமாரான டயர், ஒரு செட் மட்டுமே கிடைக்கும் சிறந்த டயரைவிட மேலானதா? பல அணிகளுக்கு ஆம். "சந்தையில் கிடைப்பது" என்ற அந்தப் பழைய வரியின் குறை அதன் காரணத்தில் இல்லை. அதைக் கணக்கோடு நிறுவாமல் வெட்கத்தோடு எழுதியதில் இருக்கிறது.

ஃபார்முலா பாரத் நடைபெறும் கோவைத் தடம் கரிவரதனின் பெயரைத் தாங்கியது. மாருதி 800 எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியவர் அவர். கிடைப்பதை வைத்து ஓடக்கூடியதைக் கட்டுவது அந்தத் தடத்தின் மரபுக்குப் புதிதன்று.

வடிவத்தின் மீதுள்ள மோகத்தையும் குறிப்பிடாமல் விட முடியாது. பெருநகரச் சாலைகளில் இளைஞர்கள் கார்களுக்குப் பெரிய அலாய் வீல் மாட்டி, மெல்லிய டயரைச் சுற்றி, முதல் பள்ளத்திலேயே ரிம்மை வளைத்துக்கொள்கிறார்கள். ஃபார்முலா 1 பல பத்தாண்டுகள் 13 அங்குல ரிம்மில் ஓடிவிட்டு 2022-இல் 18 அங்குலத்துக்கு மாறியது. சாலைக் கார்களின் தோற்றத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் நெருங்கி வரவேண்டும் என்ற வணிகக் காரணத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு. உச்சத்தில் இருப்பவர்களும் அளவை இயற்பியலால் மட்டும் தேர்வதில்லை. மாணவர் உலகில் மோகம் சிறியதை நோக்கி நகர்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

செய்யக்கூடியது என்ன? பந்தய டயர்களைத் தயாரிக்கும் நிறுவனங்கள் இந்தியாவிலேயே இருக்கின்றன. அவற்றுடன் போட்டி அமைப்பாளர்களும் கல்விக்கூடங்களும் உடன்பட்டு, ஓரிரு அளவுகளைச் சோதித்து, தரவை எல்லா மாணவர்களுக்கும் திறந்து வைத்தால், அதன்மேல் முதுகலை ஆய்வேடுகள் பல எழும். வரையறுக்கப்பட்ட கெழுக்களோடு பசேக்காவின் சூத்திரத்தைப் பாடநூலில் படிப்பதும், தன் காரில் மாட்டியிருக்கும் டயருக்கு அக்கெழுக்களைத் தானே கண்டடைவதும் ஒன்றல்ல. இதற்கு நிதி வேண்டும், இசைவு வேண்டும், காலம் வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லாத சோதனை ஒன்று உண்டு. விதிப்படி எட்டு வடிவத் தடத்தின் உள்வட்ட விட்டம் 15.25 மீட்டர், வெளிவட்டம் 21.25 மீட்டர். நடுக்கோட்டின் ஆரம் 9.125 மீட்டர். கல்லூரி வாகன நிறுத்தத்தில் சுண்ணாம்புத் தூளால் ஒரு வட்டம் வரையலாம். ஒரு சுற்றுக்கு 5.5 நொடி ஆனால் பக்கவாட்டு முடுக்கம் ஏறத்தாழ 1.2 ஜி, 5.0 நொடி என்றால் 1.47 ஜி. சென்ற ஆண்டின் பழைய காரே போதும். காற்றழுத்தத்தை 0.7, 0.8, 0.9 பார் என மாற்றி, ஒவ்வோர் அழுத்தத்திலும் இருபுறமும் பத்துச் சுற்று ஓட்டி, ஓடி முடித்ததும் டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றிலும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். தரையின் வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். மே மாதத்துத் தார் சனவரித் தார் அல்ல. கல்லூரிகள் பழைய 13 அங்குலக் கார்களைப் பிரித்து உதிரியாக்கும் முன், அவற்றில் ஒன்றை இதற்காக ஓடும் நிலையில் விட்டுவைப்பது நல்லது.